எஸ்தரைத் தூங்கவைத்தவனுக்கு

உன் மனைவிக்கு மாத்திரை கொடுத்து அவள் வாயை நீ அடைத்து வைத்திருக்கிறாய். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. மனைவியை அடிக்கிறவனை அக்கம்பக்கம் பார்க்கும். குடித்துவிட்டு வருகிறவனைப் போலீஸ் பார்க்கும். நீ அடிப்பதில்லை, குடிப்பதில்லை. டாக்டர் எழுதிய மருந்தை ஒரு டம்ளர் தண்ணீரோடு அவள் கையில் கொடுக்கிறாய். அதனால் உன்னை நல்ல புருஷன் என்று உன் வரிசையில் இருக்கிற எல்லா அறைக்காரர்களும் சொல்கிறார்கள். உன்னைப் பெற்றவள் நான் நேரில் வந்து சொன்னேன், நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதனால்தான் நம் ஆட்கள் வாங்கிப் படிக்கிற இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. அவளுக்கு எஸ்தர் என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். தாராவியிலும் வடாலாவிலும் யாராவது இதைப் படித்துவிட்டு, நம் வீட்டைத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தால் நினைக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கல்யாணமாகி அவளை ஊரிலிருந்து நீ கூட்டிக்கொண்டு வந்த நாட்களை நினைத்துப் பார். முதல் கொஞ்ச நாள் தாராவியில் என்னோடு இருந்தீர்கள். நீ குழாயடியிலிருந்து "பாணி வந்தாச்சு, பாணி வந்தாச்சு" என்று கத்தினாய். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "யாரு மாமி அந்தப் பாணி? ஒங்க சொந்தக்காரரா? காப்பி போடணுமா?" என்று கேட்டாள். பாணி என்றால் தண்ணீர் என்று அதற்குள் அவளுக்குத் தெரியும். உன் பம்பாய்த் தமிழைக் கிண்டல் பண்ணத்தான் கேட்டாள். நீயும் சிரித்தாய். பஸ்ஸில் அவளை இடித்துக்கொண்டு நின்ற ஒருத்தனைத் தமிழிலேயே திட்டி, அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியாமலே அடுத்த ஸ்டாப்பில் இறங்க வைத்தாள். நீ அன்று வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னாய். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு யாரையோ நினைத்துக்கொள்ளாதே.

பிறகு தாராவியில் இருக்க மாட்டேன் என்றாய். கம்பெனியில் அட்ரஸ் கேட்கும்போது நாக்கு கூசுகிறது என்றாய். செம்பூரில் குறைந்த வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது. வாடகை ஏன் குறைவு என்று உனக்குத் தெரியும். அந்த அறையில் முன்னால் இருந்தவர்கள் கள்ளச்சாராயம் விற்றவர்கள். போலீஸ் அவர்களைக் கிளப்பிவிட்டது. குடிக்க வருகிறவர்களுக்கு அதை யார் சொன்னார்கள்? அவர்கள் பழைய வழக்கப்படி இன்னமும் வந்து அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். உனக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரங்களில் எஸ்தர் உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெளியே ஒருத்தன், "கோல்! அரே, கோல்!" என்று, திற திற என்று, அடிப்பான். அவளுக்குத் தெரிந்த இந்தியில், இங்கே இல்லை, போ என்று சொல்லத் தெரியாது. கொஞ்ச நாளில் பகலிலும் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. பாத்திரம் விழுந்தால் நடுங்கினாள். அதோடு உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்து அரித்தது. கம்பெனிப் புகையா, தண்ணீரா, சாப்பாடா, தெரியவில்லை. கழுத்தைச் சொறிந்து சொறிந்து ரத்தம் வரவைத்திருந்தாள்.

மாட்டுங்கா டாக்டரிடம் நாம் மூன்று பேரும் போனோம். நீ ஷிப்ட் முடித்த கண்ணோடு பெஞ்சில் சாய்ந்திருந்தாய். டாக்டர் அவளிடம்தான் கேட்டார், உன்னிடம் அல்ல.

"பயம் எப்போ வரது?"

"கதவத் தட்டும்போது டாக்டர். பெறவு, தட்டாதபோதும்."

நீ சிரித்தாய். "ஊர்ப்பொண்ணு டாக்டர். பம்பாய் சத்தம் இன்னும் பழகல" என்றாய். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. நீ மறந்திருப்பாய் என்பதால் அப்படியே எழுதுகிறேன். "இந்த மாத்திரை அரிப்பையும் அடக்கும், படபடப்பையும் தணிக்கும். ரெண்டுக்கும் இது ஒண்ணே போறும். ஆனா தூக்கத்தைக் கொண்டுவரும். அதனால ராத்திரி படுக்கப் போறச்சே ஒண்ணு, அவ்வளவுதான். மறுநாள் தலை கனமா இருந்தா அடுப்புகிட்டப் போகப்படாது, தண்டவாளம் தாண்டப்படாது. இதோட வேற தூக்க மருந்து, சாராயம், எதுவும் கூடாது. இருமல் மருந்துகூட என்னைக் கேட்டுண்டு குடுங்கோ. நாக்கு வறளும், அது பரவாயில்லை. மயக்கம் போட்டாலோ நெஞ்சு தாறுமாறா அடிச்சுண்டாலோ உடனே அழைச்சுண்டு வரணும். குழந்தை உண்டானாலும் முதல்ல எனக்குச் சொல்லணும். மாத்திரை தீர்ந்ததும் வாங்கோ. மேற்கொண்டு வேணுமா வேண்டாமான்னு நான் பார்த்துச் சொல்றேன்." எழுந்திருக்கும்போது உன்னைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். "இது பயத்தைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி நிறுத்தும். கதவைத் தட்டறவனை நீங்கதான் தள்ளி நிறுத்தணும்."

மாத்திரை மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோயிலில் சில பேர், ஜெபம் பண்ணுகிற பெண்ணுக்கு மாத்திரை எதற்கு என்றார்கள். அவர்கள் கதவை யாரும் தட்டுவதில்லை. அந்த மாத்திரை அவளுக்கு நல்லது செய்தது. சொன்னபடி சாப்பிட்ட நாட்களில் தடிப்பு அடங்கியது, கழுத்துப் புண் ஆறியது. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தவள், "மாமி, நேத்து கனாவே இல்லாம ஒறங்கினேன்" என்றாள். சொல்லும்போது அவள் கண் தெளிந்திருந்தது. அப்போதே நீ டாக்டரிடம் திரும்பப் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. நீ போகவில்லை. பழைய சீட்டைக் காட்டினால் கடைக்காரன் கேள்வி கேட்காமல் கொடுக்கிறான், நீ வாங்கிக்கொண்டே இருந்தாய்.

அடுத்த முறை நான் செம்பூர் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எஸ்தர் குடத்தை இடுப்பில் வைத்தபடி, நின்றுகொண்டே தூங்கினாள். முன்னால் இடம் காலியாகியிருந்தது, அவள் நகரவில்லை. பின்னால் நின்ற மராத்திக்காரி அவள் தோளைக் குத்தி, "ஏ மதராஸி, ஜாகோ! பாணி கலாஸ்!" என்றாள். தண்ணீர் தீரப்போகிறது, விழித்துக்கொள் என்று. நம்ம பக்கத்துப் பெண் ஒருத்தி வரிசையிலிருந்து, "விடு அக்கா, புதுசா கல்யாணம் ஆனவ. அவ வீட்டுக்காரரு ஒறங்க விட்டாத்தான?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள். ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தாள். பஸ்ஸில் ஒருத்தனை ஓட ஓட விரட்டிய பெண்ணுக்கு, தன்னைக் கேலி பண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கே அவ்வளவு நேரம் ஆனது.

குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். அப்போது அவள் சேலைத் தலைப்பு விலகியது. முழங்கைக்குக் கீழே வெந்து, தோல் சுருங்கியிருந்தது.

"என்னட்டி இது?"

"அடுப்புல பானை மேல சாஞ்சுட்டேன் போல மாமி."

"போலயா? ஒனக்குத் தெரியாதா?"

"ஒறங்கிட்டேன். சுட்டுச்சு. ஆனா, யாருக்கோ சுடுத மாதிரி இருந்துச்சு."

"ராத்திரி அவனுவ இன்னும் வந்து தட்டுதானுவளா?"

"தெரியல மாமி. இப்பம் எனக்குக் கேக்க மாட்டேங்கு."

நீ இதைச் சுகமாகிவிட்டது என்று சொல்கிறாய். எனக்கு விளங்கவில்லை. குடிகாரர்கள் வந்து தட்டுகிற கதவு. உள்ளே ஒரு பெண் தனியாக. முன்பாவது தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கத்துவதற்கு அவளுக்குத் தொண்டை இருந்தது. இப்போது அந்தத் தாழ்ப்பாள் உடைந்தால்கூட அவள் எழுந்திருக்க மாட்டாள். இதைச் செய்துவைத்துவிட்டு நீ நிம்மதியாக டூட்டிக்குப் போகிறாய்.

அறைக்குள் நீ தலையோடு போர்த்திப் படுத்திருந்தாய். நான் எழுப்பினேன்.

"எம்மா, மெதுவா. இப்பதான் கண்ணு சொருகிச்சு."

"அவ கை வெந்து கெடக்குல."

"பர்னால் களிம்பு போட்டேன்லா. அவ இப்பம் நல்லாத்தான் இருக்கா. அழல, சொறியல, நடுங்கல. டாக்டர் குடுத்த மாத்திரதான? நான் என்ன விஷமா குடுக்கேன்?"

"படுக்கப் போகும்போது ஒண்ணுன்னுதானல சொன்னாரு? பட்டப்பகல்ல ஏன் குடுக்க?"

"எனக்கு இதுதாம்மா ராத்திரி."

"ஒனக்கு ராத்திரி. அவளுக்கு?"

"சும்மா நச்சு நச்சுன்னு கிட்கிட் பண்ணாதம்மா. சாயந்திரம் டூட்டி இருக்கு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. படுக்கப் போகும்போது என்று டாக்டர் சொன்னார். உன் வீட்டில் படுக்கிற நேரம் என்பது நீ படுக்கிற நேரம். காலையில் வந்து நீ படுக்கும்போது அவள் அடுப்பைப் பம்ப் அடித்தால், பாத்திரம் துலக்கினால், உட்கார்ந்து அழுதால் உன் தூக்கம் கெடும். அதனால் உன்னோடு அவளையும் படுக்கவைக்க ஒன்று. சாயந்திரம் நீ டூட்டிக்குக் கிளம்பும்போது, பயப்படாமல் கிடக்கட்டும் என்று இன்னொன்று, அதை அவளே சொன்னாள். மாத்திரை போட்டு நீ காலையில் படுக்கவைத்த அதே பெண்தான் பாதித் தூக்கத்தில் எழுந்து தண்ணீர் பிடிக்கிறாள், ஸ்டவ் பற்றவைக்கிறாள், மார்க்கெட்டுக்குத் தண்டவாளம் தாண்டுகிறாள். டாக்டர் எதையெல்லாம் செய்யக்கூடாது என்றாரோ அதையெல்லாம் அவள் தினமும் செய்கிறாள். செய்யாவிட்டால் நீ எழுந்திருக்கும்போது சோறு இருக்காது.

கம்பெனிக்கு பாய்லர் அணையக்கூடாது. அதற்காக ஆட்களை இரவு முழுக்க நிற்கவைக்கிறார்கள். அந்த ஆட்கள் பகலில் எங்கே தூங்குவார்கள் என்று கேட்க அங்கே யாருக்கும் வேலை இல்லை. ஒற்றை அறை, ஒரு ஜன்னல், பக்கத்து அறையில் ரேடியோ. இதில் ஒரு மனுஷன் பகலில் தூங்க வேண்டுமென்றால் வீட்டில் இன்னொரு உயிர் இருக்கக்கூடாது. அந்தக் கோபம் எனக்கு உண்டு. நீ அந்தக் கோபத்தைக் கம்பெனியிடம் காட்டியிருக்கலாம். யூனியனில் நாலு பேரிடம் பேசியிருக்கலாம். அதற்கு உனக்குப் பயம். பயப்படாமல் அடக்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருந்தாள், அவளை அடக்கினாய்.

உன் அப்பாவும் நைட் ஷிப்ட் பார்த்தவர்தான். தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, கை கால் அரிக்க அரிக்கக் காலையில் வருவார். நீ கைக்குழந்தை. நீ அழுவாய், அவர் கத்துவார், நான் திருப்பிக் கத்துவேன். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி வெளியே எறிந்தார். நான் போய் அதைப் பொறுக்கிவந்து, அதே தட்டில் அவருக்குச் சோறு போட்டேன், கழுவாமல். அவர் நல்லவர் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் நான் முழு மனுஷியாக இருந்தேன். எனக்கு வலித்தால் எனக்குத்தான் வலித்தது. எனக்குக் கோபம் வந்தால் அந்தத் தெருவுக்கே தெரியும். உன் வீட்டில் சண்டையே இல்லை என்று நீ பெருமைப்படுகிறாய். சண்டை போட உன் எதிரில் ஆள் இல்லை.

உனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். மெட்ரிக் பரீட்சைக்குக் கிளம்பின காலையில் ரயிலடியில் உனக்குக் கை சில்லிட்டது, மூச்சு முட்டியது, ரயில் ஏற மாட்டேன் என்று பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். உன்னை யாரும் ஊர்ப்பையன், பழகவில்லை என்று சொல்லிச் சிரிக்கவில்லை. பரீட்சை ஹாலுக்கு நடந்தே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய், நான் கேட்டுக்கொண்டே வந்தேன். உன் பயத்தை ஒருத்தி காதுகொடுத்துக் கேட்டாள் என்பதை நீ எப்படி மறந்தாய்?

உன்னைப் பார்த்துவிட்டு நேரே மாட்டுங்காவுக்குத்தான் போனேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மிச்ச மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிடவா என்று கேட்டேன். "அவன் இஷ்டத்துக்குக் கூட்டினான், நீங்க இஷ்டத்துக்கு நிறுத்துவேளா? பகல்ல குடுக்கறதை இன்னிக்கே நிறுத்தணும். ராத்திரி ஒண்ணுக்கு மேல கூடாது. மத்ததை அவளைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். அழைச்சுண்டு வாங்கோ" என்றார். பக்கத்து அறைப் பெரியவருக்கு அரிப்பு என்று நீ உன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததையும் சொன்னேன். அந்த மனுஷர் மூத்திரம் போகாமல் தவித்ததையும், சொந்த மகளையே யாரென்று கேட்டதையும் சொன்னேன். "ஒருத்தருக்கு எழுதினது இன்னொருத்தருக்கு இல்லை. வயசானவாளுக்கு இது இன்னும் ஜாஸ்தி ஏறும்" என்றார். மறுநாளே வந்து இதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன், அப்போதுதான் நீ அவளை அனுப்பாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அந்த வரிசையில் வேறு பெண்களும் உன்னிடம் மாத்திரை கேட்கிறார்களாமே. குடிக்கிற புருஷனுக்கு ரகசியமாகக் கொடுக்க ஒருத்தி கேட்டாளாம். சாராயத்தின் மேல் இதைக் கொடுத்தால் அவன் மூச்சு நின்றாலும் நிற்கும் என்று அவளிடம் நீ சொன்னாயா?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அவள் பேசும்போது நீ வெளியே நில். உனக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரங்களில் அவள் தாராவியில் என்னிடம் இருக்கட்டும், உன் அட்ரஸுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நீ அந்த அறையில் தனியாக, எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கு. கதவைத் தட்டுகிறவர்களிடம் நீயே ஒருநாள் லீவு போட்டு நின்று, இங்கே சாராயம் இல்லை, என் பெண்டாட்டி இருக்கிறாள் என்று உனக்குத் தெரிந்த இந்தியில் சொல். உனக்கு இந்தி நன்றாக வரும்.

தமிழ்தான் படிக்க வராது. முனிசிபல் பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற நான், உன்னை இங்கிலீஷ் பள்ளியில் போட்டேன். கடைப் பலகையைக்கூட நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஊரிலிருந்து வருகிற கடிதங்களை உனக்கு எஸ்தர்தான் படித்துச் சொல்வாள், ஒவ்வொருத்தர் குரலிலும் பேசிக் காட்டிக்கொண்டு. செம்பூரிலிருந்து திரும்பிவந்து உனக்கு நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை என்று உன்மேல் எரிச்சல்பட்டேன். இதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டியவளுக்குப் படிக்க முடியவில்லை.

அதனால், நீ எழுத்துக்கூட்டி இதுவரை வந்திருந்தாலும், இந்தப் பத்திரிகையை யாரிடமும் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லாதே. ஆபீஸ் தமிழர் யாரிடமும் காட்டாதே. நீ படுக்கப் போகும் முன்னால், டப்பாவைத் திறக்கும் முன்னால், எஸ்தரை உட்காரவைத்து அவள் கையில் கொடு. உரக்கப் படிக்கச் சொல். அவசரப்படுத்தாதே. சுவர்ப் பக்கம் திரும்பாதே, அவள் முகத்தைப் பார். அவள் முழுதும் படித்து முடித்து, மாமி கதை விடுகிறாள் என்று சிரித்தால் சந்தோஷம். கோபப்பட்டு உன்னைத் திட்டினால் அதைவிடச் சந்தோஷம். முடிக்காமல் போனால், எந்த வார்த்தையில் அவள் குரல் நின்றது என்று பார்த்து வை.

அந்த ஒரு வார்த்தையை எனக்கு எழுது.